கலங்கல் அளவு

நெய்னா,
டேட்டா சயின்ஸ் படிக்க எந்தப் பாட்காஸ்ட் கேட்கலாம் என்று
ராத்திரி பதினொன்றரைக்கு எழுதியிருக்கிறாய்.
எனக்கு என்ன தகுதி,
கடல்நீர் ஆலையில் மீட்டர் பார்த்து எழுதுகிறவன்.
ஆனாலும் ஹம்ரியாவில் வண்டி ஏறி
பர்கா கேட்டில் இறங்க ஒன்றேகால் மணி நேரம்,
திரும்ப ஒன்றேகால்.
மூன்று வருஷமாக இந்தக் காதில்தான் காலேஜ்.

முதலில் அந்த இரண்டு பெண்கள்.
ஒருத்தி கேட்பாள், ஒருத்தி சிரிப்பாள்,
நடுவில் எப்படியோ புள்ளியியல் வந்துவிடும்.
சராசரியை நம்பாதே என்பார்கள்.
ஐந்து பேர் சாப்பிடும் மெஸ்ஸில்
முதலாளியும் வந்து உட்கார்ந்தால்
சராசரிச் சம்பளம் ஆயிரம் ரியால்,
சாம்பாரில் முருங்கைக்காய் அதே ஒன்று.
(உதாரணம் என்னுடையது.
அவர்கள் சொன்னது ஏதோ பேஸ்பால்.)

இருமுகிற பேராசிரியரை
மவாலிஹ் தாண்டிய பிறகு கேள்.
அதற்கு முன்னால் தூக்கம் வரும்.
பின்னாலும் வரும்.
ஆனால் பதினேழாம் பாகத்தில் ஒரு இடம்:
தப்பு செய்து, எவ்வளவு தப்பு என்று அளந்து,
கொஞ்சம் திருத்தி, மறுபடி தப்பு செய்து,
இயந்திரம் படிப்பது இவ்வளவுதான் என்கிறார்.
நான் லைசன்ஸ் வாங்கிய கதை அது.
நாலு தடவை டிரம்மில் இடித்தேன்.

தமிழிலும் ஒன்று உண்டு.
ஒரு பையன், குரலுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.
'நரம்பு வலைப்பின்னல்' என்று சொல்லிவிட்டு
'அதாவது நியூரல் நெட்வொர்க்' என்று
தானே மன்னிப்புக் கேட்பான்.
ஒன்பது பாகத்தோடு நின்றுவிட்டது.
யாரும் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டான் போல.
நான் கேட்டேன். ஒன்பதையும் இரண்டு தரம்.

'ஆறே வாரத்தில் வேலை' என்று ஆரம்பிப்பதைத்
தொடவே தொடாதே.

இன்னொன்று இருக்கிறது.
அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன்.
அலட்டாத குரல், அழுக்குத் தரவு பற்றிய பாகம்.
இயந்திரம் கடலைப் பார்ப்பதில்லை,
கடலைப் பற்றி எவனோ எழுதியதைத்தான் பார்க்கிறது என்றது.
ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் சந்தேகப்படு,
உலகம் அவ்வளவு ஒழுங்கில்லை என்றது.
வண்டி சீப் தாண்டிக்கொண்டிருந்தது.
தலைக்கு நேர் மேலே ஏசி. எனக்கு வியர்த்தது.

போன மார்ச்.
கடல்நீர் உறிஞ்சும் தொட்டிக்கு நானூறு மீட்டர் நடக்கணும்.
முட்டி வலி, ஈரக்காற்று, எதுவோ ஒன்று.
பன்னிரண்டு மணிக்குப் பார்த்த கலங்கல் அளவையே
இரண்டு, நாலு, ஆறு மணிக் கட்டங்களில் எழுதினேன்.
2.1, 2.1, 2.1.
அந்த ராத்திரிதான் செம்பாசி ஏறியது.
விடிந்தபோது ஃபில்டர் முழுக்கத் துருநிறக் கூழ்.
ஆலை இரண்டு நாள் நின்றது,
ஊருக்கு லாரித் தண்ணீர்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கடல்மேல் பழி போடுவது சுலபம்.

இந்த மாதம் மஸ்கட் ஆபீஸிலிருந்து
லேப்டாப்போடு வந்தார்கள்.
செம்பாசியை முன்கூட்டிச் சொல்லும் மாடலாம்.
ஐந்து வருஷக் கையெழுத்தையும் உள்ளே ஏற்றியாயிற்று.
ஷம்ஸா என்று ஒரு பெண், ஆசையாகத் திரையைத் திருப்பினாள்.
"பாசி வருவதற்கு முந்தின ராத்திரி
கடல் அசையாமல் இருக்கிறது பாருங்கள்,
மூன்று ரீடிங்கும் ஒன்றே.
இதை எந்த மனிதனும் கவனித்ததில்லை."

அது கடலைப் படிக்கவில்லை நெய்னா,
என் முட்டியைப் படித்திருக்கிறது.
இனி எவன் சோம்பினாலும் அலாரம் அடிக்கும்.

நான் தலையாட்டினேன். டீ நன்றாக இருந்தது என்றேன்.

இப்போது மணி இரண்டே முக்கால்.
நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.
3.4. வாடை இல்லை.
அவள் நம்பர் போனில் இருக்கிறது.
நாலு மணி ரீடிங் எடுத்துவிட்டு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

நீ பேராசிரியரிலிருந்து ஆரம்பி.
இல்லை, அந்தப் பையனிலிருந்து.
ஒரு ஆள் கூடினால்
பத்தாவது போட்டாலும் போடுவான்.