பதினொரு துண்டு

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பேக்கரிக்கு மேல்மாடியில் என் கடை.
இரவு பத்தரை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து உள்ளே வந்தார் சசிதரன்,
பறக்கும் படை ஜீப்பின் டிரைவர்.
துவர்த்தில் சுற்றிய கன்சோலை மேசையில் வைத்தார்.
"எனக்க மவனுக்கு. லாறி ஓட்டுற கேம் ஒண்ணு கேக்கான்."

பூட்டுடைத்த கன்சோல்.
போன ஓணத்துக்கு நான்தான் உடைத்துக் கொடுத்தேன்.
அது சரியா தப்பா என்று
அவர் அன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விளையாட்டு என்னிடம் இருந்தது,
மூன்று பழைய பென்டிரைவில், பதினொரு துண்டாக,
சுழியத்தில் தொடங்கிப் பத்தில் முடியும் பெயர்களோடு.
"எதுக்கு ஓய் இத இப்பிடி வெட்டி வச்சிருக்கு?"

பழைய பென்டிரைவுக்கு ஒரு கணக்கு உண்டு.
ஒரே கோப்பாக அது ஏற்பது
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து
அறுபத்தேழாயிரத்து
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து பைட்.
அதற்குமேல் ஒன்று கூடினாலும்
உள்ளே இடம் காலியாகவே கிடக்கும்,
எடுக்காது.
"அப்போ குட்டி குட்டியா கடத்தணும்" என்றார்,
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
நான் கேபிள் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ரெக்ஸ்லின் மைனியின் பைகள் ஐந்தைந்து கிலோ.
ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால்,
ஒன்று யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் மடியில்,
ஒன்று மீன்காரியின் காலிச் சருவத்துக்குள்.
பாறசாலையில் இறங்கி ஒரே சாக்கில் கவிழ்ப்பாள்.
அரிசிக்கு வரிசை கிடையாது.
எது முதலில் விழுந்தாலும்
உலையில் ஒன்றுதான்.

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன்:
எல்லாத் துண்டையும் எடு, ஒட்டு.
நாற்பது நிமிடம்.
மழை தகரத்தில் சிதறத் தொடங்கியது.
சசிதரன் இரண்டு கட்டன் குடித்தார்,
ஜீப்பின் பிரேக் பிடிக்காததையும்
அதற்கு மனு எழுதி எழுதி
பேனா தீர்ந்ததையும் சொன்னார்.

முடிந்தது. அளவு பார்த்தேன்,
கடைசி பைட் வரை சரி.
பெரிய டிஸ்கில் ஏற்றிக் கன்சோலில் செருகினேன்.
பாதி வழியில் நின்று
ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டியது.

எடை குறையவில்லை. ஒரு துண்டும் தொலையவில்லை.
பெயர்ப் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு வந்தேன்:
சுழியம், ஒன்று, பத்து,
அப்புறம் இரண்டு.
கணினி எண்ணவில்லை, எழுத்துக்கூட்டியிருக்கிறது.
கடைசியில் நிற்கவேண்டியவன்
ஒன்றின் சாயலைக் காட்டி
மூன்றாவது ஆளாக உள்ளே புகுந்துவிட்டான்.
முழு எடையில், முழுப் பெயரில்,
ஓடாத ஒரு பொருள்.

ஒற்றை எண்களின் முன்னால்
ஆளுக்கொரு சுழியம் வைத்தேன்.
மறுபடி நாற்பது நிமிடம்.
இந்த முறை அவர் பேசவில்லை,
ஸ்டூலில் சாய்ந்து வாய் திறந்து உறங்கினார்.

ஒன்றரைக்கு லாரி வந்தது.
மகனுக்கு என்றவர் எழுந்து
கண்ட்ரோலரைத் தானே வாங்கிக்கொண்டார்.
பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில்
தடி ஏற்றிய பதினெட்டுச் சக்கர வண்டி.
வளைவு வரும்போதெல்லாம்
அவரது இடது கால்
என் கடைத் தரையில் இல்லாத கிளட்சை அமுக்கியது.
வெகுதூரம் போனார்.
ஒருவரும் கைகாட்டவில்லை,
தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை.
"இதுல செக்போஸ்ட் இல்லியா ஓய்?"
குரலில் இருந்தது என்னவென்று பிடிபடவில்லை.

முந்நூறு கொடுத்தார்.
துவர்த்தில் கன்சோலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்,
"காலத்த ஆறுக்கு இஞ்சிவிளையில நிக்கணும்.
உறக்கம் போச்சு."

படியில் செருப்புச் சத்தம் அடங்கும்வரை
ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக் கொண்டிருந்தேன்.
பிறகு மைனிக்கு அடித்தேன்:
நாளைக்கு நாலரை வண்டி. ஆறு வேண்டாம்.

விழித்திருந்திருக்கிறாள்.
உடனே வந்தது:
நாலரைக்கு போனா
பிள்ளைக்கு ஆரு சோறு கெட்டுவா?