தெறி தைக்காத சேட்

பாலையூற்றுக் கோயிலில் மின்விசிறி மூன்று.
நடுவிலுள்ளது சுற்றாது.
அதன் கீழேதான் என் வாங்கு.
இன்றைக்கு ராசாவின் கலியாண விருந்து:
அழைத்தவர்கள் வரவில்லை,
அழைக்கப் போனவர்களைக் கொன்றார்கள்,
ராசா படையை அனுப்பி
ஊரைக் கொளுத்தினார்.

பிறகு, சாப்பாடு தயார், வாருங்கள் என்றாராம்.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.
ஊர் எரிந்து முடிந்திருக்கிறது,
கறி இன்னும் ஆறவில்லையா?
எந்த அடுப்பில் வைத்தது?
மூதூர்ப் பக்கம் புகை எழும்பினால்
குடாவுக்கு இந்தப் பக்கம்
கொடியில் காயும் துணியெல்லாம் மணக்கும்,
மூன்று தரம் அலசினாலும் போகாது.
அந்தத் துணியைத்தான் வெட்டித் தைத்தேன்.
யாரோ அதை உடுத்துக்கொண்டு
விருந்துக்குப் போனார்கள்.

கிறிசோஸ்தம் சுவாமி நல்ல மனிசன்.
"பயப்படாதேயுங்கோ. ராசா என்றால் கடவுள்,
உடுப்பு என்றால் அருள்,
இருட்டு என்றால் அருளில்லாத நிலை."
கணக்கு வாத்தியார் கரும்பலகையில்
இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் மாற்றுவது மாதிரி.
எல்லாம் சமன்.
எனக்கு உடுப்பு என்றால் உடுப்பு.
முப்பத்தெட்டு வருசமாய்
உவர்மலை இறக்கத்தில் மெஷின் மிதிக்கிறேன்.
அருளுக்கு அளவு எடுத்ததில்லை.

விருந்தில் ஒருவன் கலியாண உடுப்பில்லாமல்.
ராசா கிட்டப் போய்க் கேட்கிறார்:
எப்படி உள்ளே வந்தாய்?
இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது,
வேறு பாஷையில்,
மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து.
பதில் சொன்னவர்களும் உண்டு.
சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை.
இவன் வாய் திறக்கவில்லை.
கையையும் காலையும் கட்டச் சொல்கிறார்.

சுவாமி, அவனுக்குப் பதிலாக
நான் சொல்லவா?

யூஸ்தாக்கியு, டொக்யாட் வீதி.
கழுத்து பதினாலரை, கை இருபத்துமூன்று,
இடது தோள் ஒரு நூல் இறக்கம்.
கொப்பியில் இன்னும் இருக்கிறது.
சனிக்கிழமை கலியாணம்.
வியாழன் இரவு சாரத்தோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.
ஏன் உடுப்பில்லாமல் வந்தான் என்றால், ராசாவே,
அது என்னட்டைக் கிடக்கிறது.
தெறி தைக்க வேண்டியதுதான் பாக்கி.
ஏழு வெள்ளைத் தெறி, அரை மணித்தியால வேலை.
புதன்கிழமை தலையிடி என்று படுத்துவிட்டேன்.
இப்போது தைக்கலாம்தான்.
தைத்தால் முடிந்துவிடும்.

கதை சொன்னவரை நினைக்கிறேன்.
அவரையும் கட்டினார்கள்,
கேட்டவன் முன்னால் அவரும் பேசாமல் நின்றார்,
ஊருக்கு வெளியே கொண்டுபோய்
உடுப்பை உருவிச் சீட்டுப் போட்டார்கள்.
மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாம்,
மூட்டே இல்லையாம்.
வெட்ட மனம் வரவில்லை அந்தச் சிப்பாய்களுக்கு.
துணியை வெட்ட.

அப்படியென்றால் இந்த விருந்தில்
அவருக்கு எந்தக் கதிரை?
எல்லோரும் மேசையின் தலைமாட்டைப் பார்க்கிறார்கள்.
நான் கதவடியைப் பார்க்கிறேன்.

பூசை முடிய இதைச் சொன்னேன்.
சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்படி எழுதியில்லையே, மெற்றில்டா."
"இல்லைத்தான், சுவாமி."

பஸ் ஸ்ராண்டடியில் மான் ஒன்று
சோற்றுப் பார்சல் தாளை நக்கிக்கொண்டு நின்றது.
என் கையிலிருந்த வாசகத் தாளையும்
நுனியிலிருந்து தின்னத் தொடங்கியது.
விட்டேன்.
பாதியைத் தின்றது,
பாதியைத் துப்பியது.