பத்திரகிளி

முதலில் உலாவி மூடிக்கொண்டது.
பழசு, போகட்டும் என்றேன்.
பிறகு படம் திருத்துகிற நிரல்.
பிறகு, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல்
மூலையில் நேரம் காட்டிக்கொண்டிருந்த
அந்தச் சின்ன மணிக்கூடு.

மணிக்கூடு விழுந்த பிறகுதான் பயம் வந்தது.

டொக்யார்ட் வீதியில் என் கடை.
போட்டோக்கொப்பி, தட்டெழுத்து, கலியாண அட்டை.
லினக்ஸ் போட்டது காசில்லாததால்.
வைரஸ் வராது என்பதால்
என்றுதான் ஆட்களுக்குச் சொல்வது.

கறுப்புத் திரையைத் திறந்து பதிவேட்டை உருட்டினேன்.
எல்லாச் சாவுக்கும் ஒரே வசனம்:
தனக்கு உரித்தில்லாத முகவரியைத் தொட்டது,
நிறுத்தப்பட்டது.
இந்த ஊரில் இருந்துகொண்டு
அதை வெறும் கணினி விஷயமாக வாசிக்க
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போன கிழமை ஏற்றியதை இறக்கினேன்.
பழைய கேர்னலுக்குத் திரும்பினேன்.
புதுப் பயனர் ஒருவரை உண்டாக்கி
அவர் பெயரில் உள்ளே போய்ப் பார்த்தேன்,
அவருக்கும் விழுந்தது.
பெட்டியைக் கழற்றினால்
விசிறியில் உப்புத் தூசி, இரண்டு பல்லி முட்டை.
சூடு பார்த்தேன்.
கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு,
இங்கே நாலு கோருக்கும் ஒரே நாற்பத்தெட்டு.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாரும் ஒரே படியில் தடுக்கினால் படியில் பிழை.
ஆளுக்கொரு இடத்தில் விழுந்தால்?

அன்று பின்னேரம் குகபாலன் வந்தார்,
திருவிழா நோட்டீசின் மாதிரித் தாளோடு.
"பிள்ளை, இதென்ன?"
அருள்மிகு பத்திரகிளி அம்பாள்.
நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.
"கிளி மீனாட்சியின்ர கையில.
எங்கட ஆளுக்குச் சூலம்."

நான் அப்படி அடிக்கவில்லை.
சத்தியம் பண்ணலாம், யாரிடம் பண்ணுவது.
ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு
கோப்பை எண்களாகத் திறந்தேன்.
அரவு முடிவது சைபரில்.
விசிறி முடிவது ஒன்றில்.
காளிக்கும் கிளிக்கும் நடுவில்
அவ்வளவுதான்,
வேறொரு வித்தியாசமும் இல்லை.

நிரல்களே, மன்னியுங்கள்.
சொன்னதைத்தான் நம்பினீர்கள்.
முகவரி கொடுத்தவன் ஒரு இலக்கத்தை மாற்றிக் கொடுத்தான்,
நீங்கள் போய்ப் பிறர் வாசலைத் தட்டினீர்கள்.

நினைவகச் சோதனையை ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.
முதல் சுற்றில் சுத்தம். இரண்டாவதும்.
விடிய வந்து பார்க்க
மூன்றாம் சுற்றில் ஒரு சிவப்பு வரி:
எதிர்பார்த்தது சைபர், கிடைத்தது ஒன்று.

இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றினேன், ஓடவிட்டேன்.
மாற்றிப் போட்டேன், ஓடவிட்டேன்.
சிவப்பு வரி ஒருத்தனோடு மட்டும் போய் வந்தது.
கடற்காற்றின் வேலையாக்கும் என்று
அவன் பொன்னிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்தும் பார்த்தேன்.
இல்லை. உள்ளே எங்கோ.
கிண்ணியாவில் பஸ்மியாவின் கடையில் வாங்கியது,
ஆறு மாதம் கரண்டி.
வாங்கி ஒன்றரை வருஷம்.

இப்போது அரைவாசி ஞாபகத்தோடு ஓடுகிறது.
மெதுவாகத்தான், ஆனால் விழுவதில்லை.
நோட்டீஸ் திருத்தி அடித்தாயிற்று.
குகபாலன் ஐம்பது ரூபாய் குறைத்துத் தந்தார்.

இங்கே முடிந்திருக்கலாம்.

ஆனால் இலக்கங்களும் அப்படித்தான் என்று
சோறு பிசைகிறபோது தோன்றியது.
சைபர் ஒன்றாகும். நாலு ஐந்தாகும்.
ஆறு ஏழாகும்.
ஒன்றரை வருஷமாக
இந்தப் பெட்டியில் நான் அடித்தவை:
காணி மனுக்கள், பிறந்த திகதிகள்,
காணாமல் போன ஒருவரின் அடையாள அட்டை இலக்கம்,
அதை மட்டும் மூன்று முறை, மூன்று கந்தோருக்கு.

இரட்டை எண்களை விட்டுவிடலாம்.
ஒற்றை எண்களை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும்.

இரவு பத்தரை.
ஷட்டருக்கு வெளியே கோட்டையடி மான் ஒன்று
யாரோ எறிந்த பூசணித் தோலை மெல்லுகிறது.
முதல் கோப்பு: லொட் நாற்பத்தேழு.
நாற்பத்தேழா?
ஆளின் போன் நம்பர் அடியில் இருக்கிறது.
அதுவும் ஒன்பதில் முடிகிறது.