காரணம் எழுதும் கட்டம்

மஞ்சள் சீட்டு. மூன்று பிரதி.
ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு,
ஒன்று, நான் இனி எந்தப் பள்ளிக்குப் போனாலும்
எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்க.

காரணம் என்ற கட்டத்தில்
மிஸஸ் லின்ட்க்விஸ்ட் எழுதியிருக்கிறார்:
தொனி.

அவ்வளவுதான்.

டொலீடோவில் பிப்ரவரி.
பள்ளிப் பேருந்துகள் வயிறுவரை உப்புக் கறையோடு நிற்கின்றன.
பின்னக் கணக்கில் என் ஏழாவது விடையை
ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன்.
சற்று முன் எட்டாவதைக் கேட்டிருந்தான் கோல்ட்டன்,
பக்கத்து நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு.
நல்ல கேள்வி என்று சிரித்து
வெள்ளைப் பலகைக்குத் திரும்பினார்.
நான் கையை உயர்த்திவிட்டுத்தான் கேட்டேன்.
உயர்ந்த கை கண்ணில் படவில்லை.
குரல் உயர்ந்ததாம்.

அலுவலகத்துக்கு வெளியே நீல நாற்காலி.
அதன் விரிசல் எந்த இடத்தில் தொடையைக் கிள்ளும் என்று
எனக்கு மனப்பாடம்.
போன மாதம் பாவாடைக்காக உட்கார்ந்தேன்.
ஹேலியும் நானும் ஒரே கடையில்
ஒரே கம்பியிலிருந்து உருவிய பாவாடைகள்.
அவள் உடுத்தினால் அது பாவாடை.
நான் உடுத்தினால் கவனச் சிதறல்.
யாருடைய கவனம் என்று கேட்டதற்கு
இன்னொரு சீட்டு.

மாற்று ஆசிரியர் ஒருவர் சொன்னார்:
உன்னைப் பதினேழு என்று நினைத்தேன்.
எனக்குப் பதிமூன்று.
நடுவில் இருக்கிற நாலு வருஷத்தை
நான் எப்போது வாழ்ந்தேன்?
யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

இன்று பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே ஒருத்தி.
கமாயா. ஒன்றாம் வகுப்பு.
கால் தரைக்கு எட்டவில்லை.
கையில் அதே மஞ்சள் சீட்டு.
அவளுக்கு இன்னும் கூட்டெழுத்து படிக்க வராது.
என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள்.

முடிமணிகள் சத்தம். வகுப்புக்கு இடைஞ்சல்.
வயதுக்கு மீறிய பேச்சு.

ஆறு வயதில்
எந்த வயதை மீறுவது?

ஒன்றுமில்லை, உன் பேர்தான் எழுதியிருக்கு என்றேன்.
நம்பவில்லை. தலையை வெடுக்கென்று திருப்பினாள்.
ஒரு பின்னல் அறுந்தது.

மணிகள்!
பச்சை, ஊதா, கண்ணாடி, மஞ்சள்,
மெழுகு போட்ட நடைபாதை முழுக்க
குதித்து, உருண்டு,
பரிசுக் கோப்பைகளின் அலமாரிக்கு அடியில்,
தண்ணீர்க் குழாய்க்கு அடியில்,
எங்கள் இரண்டு பேர் சிரிப்புக்கும் அடியில்.
மண்டி போட்டுப் பொறுக்கினோம்.
பூட்டியிருந்த நூலகக் கதவுவரை போனோம்.
அவ்வளவு நேரம் யாரும் எங்களை
எதுவாகவும் எழுதவில்லை.

அப்புறம் பழுப்பு நிற ஷூக்கள்.
துணை முதல்வர் ஹார்குரோவ்.
பயத்தில் கமாயா
கையிலிருந்ததை வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

வாயில் என்ன?

அவள் பேசவில்லை.
வாய் முழுக்க மணிகள்,
இரண்டு கன்னமும் புடைத்திருக்க
ஒரு சத்தமும் இல்லை.
இத்தனை நாள் கேட்டார்களே, அந்த அமைதி
இதோ, இருக்கிறது.

ஹார்குரோவ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.
காரணம் என்ற கட்டத்தில்,
இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதினார்:
பதில் சொல்ல மறுத்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.
அதற்கும் ஒரு சீட்டு இருக்கிறது. பையில் மடித்து வைத்திருக்கிறேன்.

இரவு காலணியைக் கழற்றும்போது
உள்ளே ஒரு ஊதா மணி.
எப்படி வந்ததோ.
எடுக்கவில்லை.

நாளை முதல் பீரியட் கணக்கு.
பென்சில் சீவப் போகிறபோது
மிஸஸ் லின்ட்க்விஸ்ட் தலை நிமிர்ந்து கேட்கக்கூடும்:
என்ன சத்தம் அது?

நடக்கிறேன் மிஸஸ்.