அறுபது வினாடி

சார்ஜாவில் மீன் சந்தைக்குப் பின்னால்
ஏழாம் எண் குளிர்கிடங்கு.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி,
உள்ளே மைனஸ் பதினெட்டு.
நடுவில் ஒரு கதவு.
கதவின் இருபுறமும்
நான் வரைந்த பொத்தான்கள்.

வெளிப்புறப் பலகையோடுதான்
மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன்.
எஃகு விசை மதியத்தில் சுட்டது,
பிளாஸ்டிக்குக்கு மாறினேன்.
வெயில் எண்களைத் தின்றது,
தோலுக்கு அடியில் அச்சிட்டேன்.
அரபியில் ஐந்து ஒரு வட்டம்.
நம்மவர் கண்ணுக்கு அது பூஜ்யம்.
திறக்காத கதவு பற்றிய பதினாறு புகாரில்
ஒன்பது அந்த வட்டத்தால் வந்தவை.
இரண்டு எழுத்தையும் ஒரே விசையில் போட்டேன்,
நாற்பது தாண்டிய கண்களுக்கு
எறும்பு ஊர்ந்தது.
தேய்ந்திருந்த நாலு விசைகளைப் பார்த்தே
ரகசிய எண்ணைச் சொன்னான்
டீ கொண்டுவந்த பையன்.
சிரித்தோம்.
அன்றைக்கே எண்ணை மாற்றினோம்.

உட்புறம் ஒன்றே ஒன்று.
பச்சை. தட்டை.
'செதில் ஒட்டாது, கழுவ எளிது'
என்று கையேட்டில் எழுதியவன் நான்.
திறக்க, ஒரு வினாடி
அழுத்திப் பிடிக்க வேண்டும்.
அதுவும் கையேட்டில் இருக்கிறது.
கையேடு
அலுவலக அலமாரியில் இருக்கிறது.

பையன்கள் சும்மா தட்டுகிறார்கள்,
கதவு திறந்து குளிர் போகிறது,
கரண்டு பில் ஏறுகிறது என்றார் மேலாளர்.
நாலு வரி நிரல் எழுதினேன்:
பத்து வினாடிக்குள் ஐந்து தட்டு என்றால்
விளையாட்டு என்று கொள்.
அறுபது வினாடி எதற்கும் அசையாதே.
இடையில் மறுபடி தட்டினால்
அறுபதை முதலிலிருந்து எண்ணு.
காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி.
ஜும்ஆவுக்கு எல்லோரும் கிளம்ப,
இந்த ஒரு வஞ்சிரப் பெட்டியை நகர்த்திவிட்டு வருகிறேன்
என்று நின்றார் காயல்பட்டினத்து மொகுதூம்.
கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
தடித்த கையுறை.
பனி படிந்த பச்சை.
குளிரில் விறைத்த பிளாஸ்டிக்
அமுங்கியதா என்று சொல்லவில்லை.
தட்டினார்.
பிறகு, பயந்த மனிதன்
எப்படித் தட்டுவானோ அப்படித் தட்டினார்.

ஐஸ் கேட்டு வந்த லாரிக்காரர் குல் சரீன்
வெளியிலிருந்து திறந்தபோது
இருபத்துமூன்று நிமிடம் ஆகியிருந்தது.

பதிவேட்டை இறக்கிப் பார்த்தேன்.
மொத்தம் முப்பத்தொன்று.
முதல் நாலைத் தவிர
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்:
விளையாட்டு.
விளையாட்டு.
விளையாட்டு.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலில் கட்டு.
"முழங்கையால குத்துனேன் தம்பி,
தோளால முட்டுனேன்.
கேட்குதான்னே தெரியல.
அந்தப் பொத்தான் ஊமை."
முழங்கையும் தோளும் பதிவேட்டில் இல்லை.
கம்பெனியிலிருந்து வருகிறேன்
என்று மட்டும் சொல்லியிருந்தேன்.
செய்தது யாரென்று அவர் கேட்கவில்லை.
நானும் வாழைப்பழத்தை வைத்துவிட்டு
எழுந்துவிட்டேன்.

இப்போது என் மேசையில்
காளான் மாதிரி ஒரு குமிழ்,
முஷ்டி அளவு.
இருட்டில் ஒளிரும், அமுங்கினால்
டக் என்று எலும்பு வரைக்கும் சொல்லும்.
நிரல் கிடையாது,
பூட்டுக்கு நேரே கம்பி.
ராத்திரி ஃப்ரீசரில் கோழிக்குப் பக்கத்தில் வைத்து,
விடியலில் விளக்கில்லாத சமையலறையில்
கையுறையோடு அழுத்திப் பார்க்கிறேன்,
முழங்கையால், தோளால், நெற்றியால்.
பால் எடுக்க வந்த மனைவி
ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டாள்.

கொள்முதல் பிரிவிலிருந்து மின்னஞ்சல்:
பதினோரு திர்ஹாம் கூடுதல், காரணம் தேவை.
மூன்று நாளாக
பதிலை எழுதி எழுதி அழிக்கிறேன்.

விளையாட்டு என்ற சொல்லை
நிரலிலிருந்து எடுத்துவிட்டேன்.
பதிவேட்டில் அது அப்படியே நிற்கிறது.
பழைய பதிவைத் திருத்த
யாருக்கும் அனுமதி இல்லை.
அப்படித்தான் அதை
வடிவமைத்திருந்தேன்.