மஞ்சள் சீட்டு

மற்ற நிறங்களை எண்ணி முடித்துக்
கடைசியில்தான் அவிழ்த்தார்கள் மஞ்சள் கட்டை.
விடிகாலை மூன்றே கால்.
சாக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில்
பெஞ்சில் தூங்கிப்போன எதிர்த்தரப்பு ஏஜெண்டை
நான்தான் எழுப்பிவிட்டேன்.

எங்கள் சிகப்பிக்குச் சீப்பு.
அவருக்குப் பூட்டுச்சாவி.
பதினேழு ஓட்டில்
பூட்டுச்சாவி.

செல்லாதவை இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றில்
இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் முத்திரை,
யார் மனசும் நோகாமல்.
இன்னொன்றில் முத்திரையே இல்லை.
பேனாவால், கோணல் எழுத்தில்:
ரெண்டாம் வீதிக் குழா.

வெளியே சரவெடி
பாதியில் நமுத்தது.

"ரெண்டாம் வீதியில ஆளு இருக்கா என்ன?"
வண்டியில் சிகப்பி அவ்வளவுதான் பேசினாள்.

கொத்தமங்கலம் திரும்பியதும்
ஹெட்லைட்டில் வந்தன
வரிசையாய் நிலைக்கதவுகள்,
ஒவ்வொன்றிலும் அவர் சின்னத்தில் பாதி.
கடைக்கோடிக் குழாயடியில்
யாரோ வைத்துவிட்டுப்போன
பச்சைப் பிளாஸ்டிக் குடம்.
டிரைவர் ஒதுக்கி ஓட்டினார்.