ஓரெழுத்தும் மாறாமல்

மூக்கையூரில் முதலில் கழுத்து திருகியது
சவேரியாளின் பெருவிடைச் சேவலுக்கு.
வானத்தில் எதையோ தேடுவதுபோல்
பின்னுக்கு வளைந்து நின்றது ஒரு பகல் முழுக்க.
மறுநாள் அதுவும் இல்லை,
அடையிலிருந்த பெட்டையும் இல்லை.

வெள்ளைக்கழிச்சல் என்றார்கள்.
வெள்ளையாகவே இல்லை அது.
பாசி பிடித்த மடைநீரின் பச்சை.

பஞ்சுக்குச்சி தொண்டைக்கு ஒன்று, பின்வாய்க்கு ஒன்று.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
அன்றைக்கே மினிபஸ்ஸில் வாலிநோக்கம்.
ஜெய்லானி பீவி வீட்டில் பதினொன்றும்
உப்பள வரப்பில் நன்றாகத்தான் மேய்ந்தன.
ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானதும் வேண்டுமே,
நாலைப் பிடித்துக் குச்சி விட்டேன்.
டீ கொடுத்தார். குடித்தேன்.

ஐந்தாம் நாள் போன்:
"பதினொண்ணும் போச்சு, தங்கச்சி."

பழி சுமக்க ஒருவன் கிடைத்தான்.
பூவலிங்கம்,
சாயல்குடிச் சந்தையிலிருந்து
வண்டியில் கூடை கட்டிக் கோழி கொண்டுவருபவன்.
நான் அவன் கோழியில் மாதிரி எடுத்த மறுநாள்
கூடையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்கள்.
மிதந்து போனதாம்,
உள்ளே இருந்த இரண்டோடு.

சென்னை அறிக்கை வர ஆறு வாரம்.

பதினைந்தாயிரம் எழுத்து கொண்ட ஒரு உயிர்
(உயிர்தானா, அதுவும் தெரியவில்லை)
தன்னைத் தானே படியெடுக்கிறது,
எடுக்கும்போது பிழை விடுகிறது.
பிழைதான் அதன் பிழைப்பு.
புரதம் ஒன்றை வெட்டுகிற இடத்தில்
இரண்டு மூன்று எழுத்து புரண்டால் போதும்,
ஏதோ நீர்ப்பறவையின் குடலில் சும்மா கிடந்தது
கோழியின் மூளைவரை ஏறிவிடும்.
கருமுட்டையில் செலுத்திப் பார்த்தார்களாம்.
நாற்பத்தெட்டு மணி நேரம்,
பிறகு துடிப்பு இல்லை.

பூவலிங்கத்தின் கோழியில் இருந்தது வேறு கிளை.
நூறு எழுத்துக்கு ஆறு வித்தியாசம்.
அதுவும் கொல்லும்.
ஆனால் இங்கே கொன்றது அதில்லை.

மூக்கையூரும் வாலிநோக்கமும்
ஓரெழுத்தும் மாறாமல் ஒன்று.

சந்தை சந்தையாகச் சுற்றியிருந்தால்
கூடு கூடாகத் தாவி வந்திருந்தால்
வழியில் ஒரு பிழையாவது விட்டிருக்கும்.
இது நேராக வந்திருக்கிறது,
சீமைக்கருவை தாண்டி, அதே பகலில்.
காலையில் அங்கும் மதியம் இங்கும்
கால் வைத்தது யாரென்று
அறிக்கையில் இல்லை.
பஸ் டிக்கெட் என் பையில் இருந்தது.

செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
வரிப்பள்ளத்தில் மணல், ஒரு சிப்பித் துணுக்கு.
வேறொன்றுமில்லை.
கண்ணுக்குத் தெரிகிற உருவமா அதற்கு?

'நோய் பரவிய வழி' என்ற கட்டம்
படிவத்தில் காலியாக இருந்தது.
என் பெயரை எழுதினேன், இனிஷியலோடு.

பூவலிங்கத்திடம் சொல்லப் போனேன்.
புதுக்கூடைக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தான்.
"அப்ப கூடைக்காச நீ குடுக்கியா?" என்றான்,
நிமிராமல்.
கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டான்.

ஜெய்லானி பீவி வாசலில் இப்போது
பிளீச்சிங் தண்ணீர் நிறைத்த தட்டு.
நான் வைக்கச் சொன்னதுதான்.
தட்டில் இறங்காமல் வெளியிலேயே நிற்கிறேன்.
சுவருக்கு மேலே
டீயை நீட்டுகிறார்.